ஒரே அட்டை, இரண்டு முடிவுகள்



பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நம் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கி வரும் பொருள்களுள் ஒன்று, மடித்து வைக்கப்பட்ட ஒரு கெட்டி அட்டை. ‘பிசினஸ்’ என்றும் ‘டிரேட்’ என்றும் பெயர் பொறித்து, நகரங்களின் பெயர்களைக் கட்டங்களில் எழுதி, காகித நோட்டுகளையும் சிறிய வீடுகளையும் ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பிள்ளைகள் சுற்றி அமர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் நிலம் வாங்குகிறான்; அதன்மேல் வீடு கட்டுகிறான்; அந்தக் கட்டத்தில் வந்து நிற்பவளிடம் வாடகை கேட்கிறான். மாலையாகும்போது ஒரு பிள்ளையின் முன்னே நோட்டுகள் குவிந்திருக்கின்றன. மற்றப் பிள்ளைகள் வெறுங்கையோடு எழுந்து போகிறார்கள். சில நாள்களில் அழுகையும் சண்டையும் மிச்சமாகின்றன.

விளையாட்டுத்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால், இந்த விளையாட்டுக்குப் பின்னால் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு ஒன்று உண்டு. பிள்ளைகள் இன்று இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறார்களோ, அதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிப்பதற்காகவே ஒரு பெண்மணி இதனை உருவாக்கினார். அவருடைய பாடமும் மறைந்தது. அவருடைய பெயரும் மறைந்தது. இவ்விரண்டையும் இம்மாதம் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வாடகையின் கணக்கு

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இத்தகைய அட்டைகளுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்குவது அமெரிக்காவின் ‘மோனோபொலி’. ஏகபோகம் என்பது அச்சொல்லின் பொருள். அதன் அட்டையில் எழுதப்பட்டிருக்கும் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்ப்போம்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 1500 டாலர் சமமாகக் கொடுக்கப்படுகிறது. அட்டையை ஒரு முறை சுற்றி வந்தால் 200 டாலர் சம்பளம். அட்டையிலேயே மலிவான நிலம் மெடிடெரேனியன் அவென்யூ. விலை 60 டாலர். வெற்று நிலமாக இருக்கும்போது அதன் வாடகை 2 டாலர்தான். விலையுயர்ந்த நிலம் போர்டுவாக். விலை 400 டாலர், வெற்று நிலத்தின் வாடகை 50 டாலர். அதன்மேல் ஒரு வீடு எழும்பினால் 200, இரண்டு வீடுகளுக்கு 600, மூன்று வீடுகளுக்கு 1400, இறுதியில் ஹோட்டல் எழும்பிவிட்டால் 2000 டாலர்!

இப்போது சம்பளத்தையும் வாடகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு சுற்று உழைப்புக்கு 200. ஒரே ஓர் இரவுத் தங்கலுக்கு 2000. பத்துச் சுற்றுச் சம்பளம் ஒரே கட்டத்தில் கரைந்துபோகிறது. ஆட்டத்தின் முற்பகுதியில் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆடுவதும், பிற்பகுதியில் ஒருவர் மட்டும் சிரிப்பதும் இதனால்தான். சம்பளம் கடைசிவரை 200 ஆகவே நின்றுவிடுகிறது. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

மற்றொன்றையும் கவனியுங்கள். எந்தக் கட்டத்தில் தங்குவது என்று ஆடுபவர் தீர்மானிப்பதில்லை. பகடை தள்ளிய இடத்தில் நின்று, கேட்ட தொகையைக் கொடுத்தாக வேண்டும். பேரம் பேச முடியாது. “அடுத்த தெருவில் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது. கொடுக்க இயலாதவர் கட்டிய வீட்டைப் பாதி விலைக்கு விற்கிறார். நிலத்தை அடமானம் வைக்கிறார். பிறகு ஆட்டத்தை விட்டே வெளியேறுகிறார்.

இந்தக் கொடுமையான கணக்கு தற்செயலாக அமைந்ததா? இல்லை. பார்ப்பவர் மனம் கசந்து, “இப்படி ஓர் ஏற்பாடு நியாயமாகுமா?” என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே அது திட்டமிட்டு அமைக்கப்பட்டது.

சுருக்கெழுத்துப் பெண்மணி

எலிசபெத் மேகி என்பது அந்தப் பெண்மணியின் பெயர். லிஸ்ஸி என்று அழைப்பார்கள். 1866ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு பத்திரிகையாளர். மகள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் வேலை பார்த்துத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார். பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமைகூட இல்லாத காலம் அது. தட்டச்சு இயந்திரத்தின் உருளையில் காகிதம் எளிதாக நுழைவதற்கு ஒரு கருவியைக் கண்டுபிடித்து, 1893ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றவர் அவர்.

அக்காலத்தில் ஹென்றி ஜார்ஜ் என்ற அறிஞரின் கருத்துகள் அந்நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்தன. ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1879இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இரயில் வருகிறது, தொழிற்சாலை வருகிறது, நகரம் செழிக்கிறது. ஆனாலும் அதே நகரத்தில் ஏழைகள் ஏன் பெருகுகிறார்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. அதற்கு அவர் கண்ட விடை இது: ஒரு மனிதன் உழைத்துக் கட்டிய வீட்டின் பலன் அவனுக்கே உரியது. ஆனால், நிலத்தை எந்த மனிதனும் படைக்கவில்லை. சுற்றிலும் ஊர் வளர்ந்ததால்தான் அந்நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. எனவே, அந்த உயர்வின் பலன் ஊருக்குப் பொதுவாகப் போய்ச் சேர வேண்டும். உழைப்பின்மீதும் கட்டடத்தின்மீதும் வரி வேண்டாம். நிலத்தின் மதிப்பின்மீது மட்டும் ஒரே வரி போதும்.

இந்தக் கருத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அது பொருளாதார அறிஞர்கள் வாதிட வேண்டிய செய்தி. வீட்டையும் நிலத்தையும் வாடகைக்கு விடுவது ஆகுமான காரியம் என்பதும், அதற்குரிய சட்டங்கள் நம் நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன என்பதும் தாங்கள் அறிந்தவையே. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, மேகி அம்மையார் கையாண்ட போதனை முறையை. மேடையில் பேசினால் சிலரே கேட்பார்கள். விளையாட்டாகக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தம் கையாலேயே வாடகையைக் கொடுத்து உணர்ந்துகொள்வார்கள் அல்லவா?

1903ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1904ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அது கிடைத்தது. ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்று தமிழில் சொல்லத்தக்க பெயரை அதற்குச் சூட்டினார். நான்கு பக்கமும் கட்டங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இரயில் பாதை, ஒரு மூலையில் சிறைச்சாலை என்று இன்று நாம் காணும் அமைப்பு அன்றே அதில் இருந்தது.

சில கட்டங்கள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. சுற்றைத் தொடங்கும் மூலையில், பூமித்தாயின்மீது உழைப்பதே கூலியை விளைவிக்கும் என்ற கருத்தை எழுதியிருந்தார். அதைக் கடக்கும்போது 100 டாலர் கூலி. இலண்டனில் வாழும் ஒரு பிரபுவின் தோட்டமாக வேறொரு கட்டம் இருந்தது. அத்துமீறி அதில் கால்வைத்தவர் சிறைக்குப் போக வேண்டும்! கடல் கடந்து வாழ்பவருக்குச் சொந்தமான நிலத்தில், அந்த மண்ணிலேயே பிறந்தவன் கால்வைத்தால் குற்றவாளி. கடனைத் தீர்க்க வழியில்லாதவர்களுக்காக ஏழைகள் விடுதி ஒன்றும் அட்டையின் மூலையில் காத்திருந்தது.

இரண்டாவது விதி

1906ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு சிறு நிறுவனத்தின் வழியாக அந்த விளையாட்டு விற்பனைக்கு வந்தது. அதே அட்டையை இரண்டு விதிகளின்படி ஆடலாம் என்பதே அதன் உயிர்நாடி.

முதல் விதியைத் தாங்கள் அறிவீர்கள். இன்று நம் பிள்ளைகள் ஆடுவது அதைத்தான். நிலத்தை வளைத்துப் போட்டவர் வாடகை முழுவதையும் தாமே வைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஓட்டாண்டியாகும்வரை ஆட்டம் தொடரும்.

இரண்டாவது விதியில், நிலத்துக்குரிய வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். கருவூலம் நிறைய நிறைய, விளக்கு வசதி பொதுவுடைமையாகும். பிறகு போக்குவரத்தும் அவ்வாறே ஆகும். பிரபுவின் தோட்டம்கூட விலைக்கு வாங்கப்பட்டு, கட்டணமில்லாத கல்லூரியாக மாறும். அதற்குப் பின் சேரும் பணத்தால் ஒவ்வொருவரின் கூலியும் உயரும். சிறைக்கு அனுப்பிய அதே கட்டம் கல்விக்கூடமாகிறது என்ற கற்பனையை எண்ணிப் பாருங்கள்!

ஆடுபவர் அதே நால்வர், அட்டையும் மாறவில்லை. விதி ஒன்று மாறியதும் முடிவு மாறிவிடுகிறது. சிலர் செல்வராவதற்கும் பலர் வறியவராவதற்கும் அவரவர் திறமையும் சோம்பலும் மட்டுமே காரணம் என்று நினைப்பவர்களுக்கு அந்த அம்மையார் சொல்லாமல் சொன்ன பதில் இதுவேயாகும்.

பாடம் மறைந்த வழி

கடையில் விற்றதைவிட, கையால் வரைந்து ஆடியதாலேயே அந்த விளையாட்டு அதிகம் பரவியது. ஹென்றி ஜார்ஜின் கொள்கைப்படி நிலத்தைப் பொதுவில் வைத்து 1900ஆம் ஆண்டில் டெலவேர் மாநிலத்தில் அமைக்கப்பட்ட ஆர்டன் என்னும் சிற்றூரில் அதை ஆடினார்கள். ஸ்காட் நியரிங் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தம் மாணவர்களுக்கு அதைக் கற்பித்தார். மாணவர்கள் துணியிலும் பலகையிலும் எழுதிக்கொண்டு தத்தம் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். போகும் வழியில் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டார்கள். எழுதும்போது ஒன்று விடுபட்டுப்போயிற்று. அது இரண்டாவது விதி.

கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டியில் வாழ்ந்த குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத் தங்கள் வீடுகளில் ஆடிவந்தார்கள். ஏலம் கூவுவது அமைதியை விரும்பும் அவர்களுடைய இயல்புக்கு ஒவ்வவில்லை. எனவே, ஒவ்வொரு நிலத்துக்கும் நிலையான விலையை எழுதிவைத்தார்கள். இன்று மோனோபொலி அட்டையில் காணப்படும் தெருப்பெயர்கள் அந்நகரத்தின் தெருப்பெயர்களே. உயர்ந்த விலையுள்ள போர்டுவாக், செல்வந்தர் உலாவிய கடற்கரை நடைபாதை. மலிவான கட்டங்களாகிய மெடிடெரேனியன், பால்டிக் தெருக்களோ, ஹோட்டல்களில் எடுபிடி வேலை செய்த கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்த காலம் அது. அந்தப் பாகுபாடு விலைப்பட்டியலாக மாறி அட்டையில் பதிந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் “வீடு காலி இல்லை” என்று சொல்லப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

பெரும் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்திருந்த சார்லஸ் டாரோ என்பவருக்குப் பிலடெல்பியாவில் நண்பர் ஒருவர் இவ்விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். விதிகளை எழுதித் தருமாறு நண்பரிடமே கேட்டு வாங்கிக்கொண்ட டாரோ, அழகாக அச்சிட்டுத் தம் படைப்பாக விற்கத் தொடங்கினார். நண்பரின் அட்டையில் ‘மார்வென்’ என்ற ஊர்ப்பெயர் ‘மார்வின்’ எனப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிழையும் அப்படியே அச்சேறியது. பார்த்து எழுதும் மாணவன் பிழையையும் சேர்த்து எழுதி அகப்பட்டுக்கொள்வதைப் போல!

பார்க்கர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் 1934இல் வேண்டாமென்று ஒதுக்கிய விளையாட்டை 1935இல் டாரோவிடமிருந்து வாங்கியது. அவர் செல்வந்தரானார். வேலையிழந்த ஏழை ஒருவர் தம் மூளையால் உயர்ந்தார் என்னும் இனிய கதை பல்லாண்டுக் காலம் மக்களிடையே வழங்கிவந்தது.

ஆனால், மேகி அம்மையார் அப்போது உயிருடன் இருந்தார். தம் விளையாட்டைத் திருத்தி 1924இல் மீண்டும் காப்புரிமை பெற்றிருந்தார். 1935ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் பங்கு எதுவும் கிடையாது. தம் கொள்கை இனி வீடுதோறும் சென்று சேரும் என்ற நம்பிக்கையில் அவர் அதை ஏற்றுக்கொண்டார். வீடுதோறும் சென்று சேர்ந்தது முதல் விதி மட்டுமே. 1936 ஜனவரியில் அவர் பத்திரிகைகளிடம் தம் மனக்குறையை வெளியிட்டார். அந்தச் செய்தி விரைவில் மறக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, தாம் உருவாக்கிய விளையாட்டோடு தம் பெயர் சேர்த்துப் பேசப்படுவதை அவர் காணவில்லை.

ஏகபோகத்தின் கேட்டை எடுத்துக்காட்டப் பிறந்த விளையாட்டு, கடைசியில் ஒரு நிறுவனத்தின் தனியுரிமையாக முடிந்துபோயிற்று.

உண்மை வெளிப்பட்டது

மறைக்கப்பட்ட உண்மையை வெளிக்கொணர்ந்தவர் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் ரால்ப் ஆன்ஸ்பாக். ஏகபோகங்களை உடைப்பதையே நோக்கமாகக் கொண்ட ‘ஆன்டி மோனோபொலி’ என்ற விளையாட்டை அவர் 1973இல் வெளியிட்டார். பெயர் விவகாரம் 1974இல் வழக்காக மூண்டது. 1977இல் கீழ்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், ஏறத்தாழ 40,000 பெட்டிகள் மினசோட்டா மாநிலத்தில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. அவர் தளரவில்லை. வழக்குக்காகப் பழைய ஆவணங்களைத் தேடியபோதுதான் 1904ஆம் ஆண்டுக் காப்புரிமை அவர் கண்ணில் பட்டது. கையால் வரைந்த பழைய அட்டைகளில் ஆடிய முதியவர்களைத் தேடிப்பிடித்துச் சாட்சியம் பெற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1983இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. மேகி அம்மையாரின் பெயர் மீண்டும் உலகறியப் பேசப்படுவதற்கு அந்தப் பேராசிரியரின் பிடிவாதமே வித்திட்டது.

பிறர் சொன்ன சொல்லை இன்னார் சொன்னது என்று பெயர் குறிப்பிட்டு எடுத்துச் சொல்வதைக் கல்வியின் ஒழுக்கமாகவே போற்றிவந்த மரபு நம்முடையது. இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

அட்டை சொல்லித் தராதவை

இனி, நம் வீட்டுக்கு வருவோம். பகடை உருட்டி ஆடும் ஆட்டங்களை நம் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். ஆகவே, “இதை ஆடலாமா?” என்று கேட்கும் தாய்மார்கள் தத்தம் ஊர் ஆலிம்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்வதே முறை. ஆனால், அட்டை கற்பிக்கும் பாடத்தை ஆராய்வதற்குப் பகடை தேவையில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். இரண்டு பிள்ளைகளை அருகில் அமர்த்தி, பின்வரும் கணக்கைப் போடச் சொல்லுங்கள். இதிலுள்ள தொகைகள் கணக்கின் எளிமைக்காக நான் அமைத்தவை.

அஹ்மதிடம் ஒரு வீடு இருக்கிறது, யூசுபிடம் இல்லை. இருவர் கையிலும் தலைக்கு 600 ரூபாய். ஒவ்வொரு சுற்றிலும் இருவருக்கும் 200 ரூபாய் சம்பளம். ஒவ்வொரு சுற்றிலும் யூசுப் அஹ்மதுக்கு 500 ரூபாய் வாடகை கொடுக்கிறான்.

முதல் விதிப்படி, முதற்சுற்றின் முடிவில் யூசுபிடம் 300 ரூபாய் மிஞ்சும், அஹ்மதிடம் 1300. இரண்டாம் சுற்றின் முடிவில் யூசுபிடம் ஒன்றுமில்லை, அஹ்மதிடம் 2000. மூன்றாம் சுற்றில் யூசுப் ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறான்.

இப்போது இரண்டாவது விதியின் கருத்தை ஒட்டி மாற்றிப் போடுங்கள். 500 ரூபாய் வாடகையில் 100 ரூபாய் வீட்டுக்கு உரியது. அது அஹ்மதுக்கே சேரட்டும். 400 ரூபாய் நிலத்துக்கு உரியது. அது பொதுப்பெட்டிக்குப் போய், சுற்றின் முடிவில் இருவருக்கும் தலைக்கு 200 வீதம் பிரியட்டும். இரண்டு சுற்றுகள் முடிந்ததும் யூசுபிடம் 400 ரூபாய் இருக்கும், அஹ்மதிடம் 1600. யூசுப் கைப்பொருள் கரைந்துகொண்டுதான் போகிறான். ஆனால், இரண்டு சுற்றுகளில் வற்றிய பணம் இப்போது நான்கு சுற்றுகள் தாங்குகிறது. அதற்குள் அவன் வேறு வழி தேடிக்கொள்ளலாம். அஹ்மதும் ஏழையாகிவிடவில்லை. இரண்டு கணக்குகளிலும் மொத்தப் பணம் 2000 ரூபாய்தான். அது பிரிந்து நிற்கும் விதம் மட்டுமே வேறு.

கணக்கு முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீ அஹ்மதாக இருந்தால் எந்த விதியை விரும்புவாய்? யூசுபாக இருந்தால்? யாராக இருக்கப்போகிறாய் என்பதே தெரியாமல் இருந்தால்?” அவர்கள் யோசிக்கும் நேரமே பாடம்.

மோனோபொலியின் விதிப்புத்தகத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. அடமானம் வைத்த நிலத்தை மீட்கும்போது 10 சதவீதம் வட்டி சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிறது ஒரு விதி. வட்டியின் பெயரைச் சொல்லவே அஞ்சும் வீட்டில், பத்து வயதுப் பிள்ளை அதைக் கணக்குப் போட்டு வாங்கப் பழகுகிறது. தவறு என்று சொல்லப்படாத எதையும் பிள்ளை சரியென்றே எடுத்துக்கொள்ளும். எனவே, அந்த இடம் வரும்போது ஒரு சொல் சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை.

மற்றொரு விதி இன்னும் நுட்பமானது. தம் கட்டத்தில் ஒருவர் வந்து நின்றதை நிலக்காரர் கவனிக்காமல் இருந்து, அடுத்தடுத்தவர் பகடை உருட்டுவதற்குள் வாடகையைக் கேட்கத் தவறினால், பிறகு கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே, வந்து நிற்பவர் வாய் திறக்காமல் அமர்ந்து, “அவர் பார்க்காமல் இருக்க வேண்டுமே!” என்று காத்திருக்கிறார். தப்பித்துவிட்டால் கைகொட்டிச் சிரிக்கிறார். கொடுக்க வேண்டியவன் வாய்மூடி இருந்தான் என்பதற்காகவோ, கேட்க வேண்டியவர் மறந்தார் என்பதற்காகவோ கடன் தீர்ந்துபோகாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இந்த அட்டையோ அதற்கு மாறாகக் கற்பிக்கிறது. ஆகவே, வாடகை கொடுப்பவருக்கும் இதில் ஒரு சோதனை உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

அட்டைக்கு வெளியே

அருமை வாசகர்களே! நம்மில் பலர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். சிலர், வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் இரண்டு வீடு கட்டி, ஒன்றை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் முதுமையைக் கழிப்பவர்கள். கணவரை இழந்த எத்தனையோ சகோதரிகளின் அடுப்பு அந்த வாடகையில்தான் எரிகிறது. வாடகை வாங்குவோரெல்லாம் கொடியவர் என்று சொல்ல நான் வரவில்லை. கொடுப்போரெல்லாம் உத்தமர் என்றும் சொல்லவில்லை.

அட்டையின் மேல் வந்து நிற்பது ஒரு சிறு பொம்மை. அதற்கு முகம் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோ, நின்றுபோன வேலையோ அதற்கு இல்லை. ஆகவே, 2000 டாலரைக் கேட்டு வாங்கும்போது நம் பிள்ளைக்கு நெஞ்சு உறுத்துவதில்லை. மாடிப்படிக்குக் கீழே குடியிருப்பவருக்கோ முகம் இருக்கிறது. இரண்டு நாள் தாமதித்துத் தருகிறேன் என்று சொல்ல வந்தவர் வாசலில் தயங்கி நிற்கும்போது நாம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதை உள்ளே இருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டைக் காலி செய்து போகிறவருக்கு முன்பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறோமா, சுண்ணாம்புச் செலவு, குழாய்ச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து அலைய விடுகிறோமா என்பதையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. குடியிருப்பவர் வீட்டுப் பிள்ளையும், தன் தந்தை வாடகையை முதல் தேதியில் தாமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாரா, வீட்டுக்காரர் வருவதைக் கண்டதும் பின்கட்டுக்குப் போய்விடுகிறாரா என்பதைக் கவனிக்கிறது. அந்தப் பிள்ளைகள் கற்கும் விதிப்புத்தகம் இதுதான். அட்டைப்பெட்டிக்குள் இருப்பது இரண்டாவதாக வருவதே.

இந்த விடுமுறையில் பிள்ளைகள் அட்டையை விரித்தால், சற்று நேரம் அருகில் அமர்ந்து, எலிசபெத் மேகி என்ற பெண்மணியின் வரலாற்றைச் சொல்லுங்கள். முதல் விதியோடு இரண்டாவது விதியும் இருந்தது என்று சொல்லுங்கள். பிறகு, அம்மாத வாடகையைக் கொடுக்கவோ வாங்கவோ போகும்போது, அவர்களில் ஒருவரைக் கைப்பிடித்து உடன் அழைத்துச் செல்லுங்கள்.